வரிசையில் நிறுத்தப்பட்ட உரிமை

சட்டப் புத்தகத்தில் ஓர் உரிமை எழுதப்பட்டிருப்பதும் அவ்வுரிமை மனிதன் கைக்கு எட்டுவதும் ஒன்றல்ல. இவ்விரண்டிற்கும் இடையே ஒரு கந்தோர் இருக்கிறது. அக்கந்தோரின் வாயிலில் ஒரு வரிசை இருக்கிறது. உரிமையை நீக்க வேண்டுமாயின் பாராளுமன்றத்தில் வாதிட வேண்டும். பத்திரிகைகளுக்கு விடையிறுக்க வேண்டும். வரிசையை நீட்டுவதற்கோ இவை எவையும் வேண்டியதில்லை. உத்தியோகத்தர் தொகையைக் கூட்டாது விட்டாலே போதும். பிரித்தானியாவில் குடியேறிய தென்னாசியத் தொழிலாளரின் மனைவியரும் மக்களும் 1960களிலிருந்து 1980களின் இறுதிவரை பட்ட பாடு இவ்வுண்மையை நமக்குத் தெளிவாகக் கற்பிக்கின்றது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரித்தானிய ஆலைகளுக்கு ஆட்கள் தேவைப்பட்டனர். 1948ஆம் ஆண்டின் பிரித்தானியத் தேசியச் சட்டத்தின் கீழ் குடியேற்ற நாட்டு மக்களும் பொதுநலவாய நாட்டினரும் தடையின்றி அங்கு செல்ல முடிந்தது. கப்பல்களில் வேலை செய்த சில்ஹெட் மக்கள் கிழக்கு இலண்டனில் தங்கினர். பஞ்சாபியர் மத்திய இங்கிலாந்தின் வார்ப்பாலைகளிற் சேர்ந்தனர். மீர்ப்பூரிலிருந்து வந்தோர் பிராட்போட் முதலிய நகரங்களின் நெசவாலைகளில் இரவு வேலை செய்தனர். 1960களில் மங்களா அணை கட்டப்பட்டபோது அப்பகுதியில் ஏறக்குறைய ஓர் இலட்சம் மக்கள் நிலத்தை இழந்தனர். அவர்களிற் பலரும் இதே வழியில் இங்கிலாந்து சென்றனர்.

சென்றவர்களிற் பெரும்பாலோர் தனித்த ஆடவர். மனைவியும் மக்களும் ஊரில் இருக்கும்வரை அவர்கள் மலிவான தொழிலாளர். நால்வர் உறங்கும் அறையில் ஒரு கட்டில் அவர்களுக்குப் போதும். அவர்கள் பொருட்டுப் பாடசாலையும் வேண்டாம், மகப்பேற்று மனையும் வேண்டாம். உழைப்பு வேண்டும், உழைப்பவனின் குடும்பம் வேண்டாம் என்பதே முதலாளித்துவத்தின் பழைய கணக்கு. பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்வதற்கு இக்கணக்கை நாம் மனத்தில் இருத்துதல் வேண்டும்.

1962 யூலை முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த பொதுநலவாயக் குடிவரவாளர் சட்டம் வேலைதேடி வருவோருக்கு அனுமதிச் சீட்டு முறையை விதித்தது. 1965இல் தொழிற்கட்சி அரசாங்கம் அச்சீட்டுகளை ஆண்டுக்கு 8,500 ஆகக் குறைத்தது. ஆயினும் ஏற்கெனவே குடியேறியவனின் மனைவியும் பதினாறு வயதிற்குட்பட்ட பிள்ளைகளும் வந்து சேரும் உரிமையை 1962ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கவில்லை. முன்பெல்லாம் சில ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்புவதும், தம்பியை அனுப்புவதும் வழக்கமாக இருந்தன. கதவு அடைபட்டதும் அவ்வழக்கம் ஒழிந்தது. போனால் திரும்பி வரவியலாது என்று அஞ்சியவர்கள் குடும்பத்தை அழைக்கத் தொடங்கினர். குடிவரவைத் தடுக்கப் பிறந்த சட்டமே குடும்பங்களின் வரவைத் தூண்டிவிட்டது.

1969இல் வரலாறு ஒரு திருப்பத்தை அடைந்தது. அவ்வாண்டின் குடிவரவு மேன்முறையீட்டுச் சட்டம், மறுக்கப்பட்டவர்கள் மேன்முறையீடு செய்யும் உரிமையைத் தந்தது. அதே சட்டம், மனைவியும் மக்களும் தத்தம் நாட்டிலேயே நுழைவுச் சான்றிதழ் பெற்றுவர வேண்டும் என்றும் விதித்தது. அதுவரை பரிசோதனை பெரும்பாலும் இலண்டன் விமான நிலையத்தில் நிகழ்ந்தது. ஒருவர் தடுக்கப்பட்டால் கணவன் ஓடிவருவான், வழக்கறிஞர் வருவார், பாராளுமன்ற உறுப்பினரின் காதிற்குச் செய்தி எட்டும். இனி அந்த வரிசை டாக்காவிலும் இஸ்லாமாபாத்திலும் டில்லியிலும் பம்பாயிலும் நின்றது. அது பிரித்தானிய வாக்காளரின் கண்ணுக்கு எட்டாத தொலைவு. அங்கு மாதங்கள் ஆண்டுகளாயின. 1971ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் முதலாம் பிரிவு, 1973 தொடக்கத்தில் அங்கு குடியேறியிருந்தோரின் மனைவி மக்களுக்கு முன்னிருந்த உரிமை குறையாது என்று உறுதிகூறியது. உறுதி ஏட்டில் இருந்தது. மக்கள் வரிசையில் இருந்தனர்.

வரிசையின் முடிவில் நேர்முக விசாரணை காத்திருந்தது. சில்ஹெட் கிராமங்களிற் பிறப்பைப் பதிவுசெய்யும் வழக்கம் அரிது. திருமணமோ ஊரார் சாட்சியாக நிகழ்வது. ஆகவே கணவன், மனைவி, பிள்ளை, உறவினர் ஆகியோரைத் தனித்தனியே வினவி, விடைகளை ஒப்பிட்டனர். வீட்டில் எத்தனை அறை? கிணறு எந்தப் பக்கம்? மாடுகள் எத்தனை? இவ்விசாரணை முறையை ஆராய்ந்து முகமது அக்ரம் 1974இல் வெளியிட்ட நூலின் பெயரே, உங்கள் கயிற்றுக் கட்டில்களை எங்கே வைக்கிறீர்கள் என்னும் வினாவாக அமைந்தது. விடைகள் ஒவ்வாவிடின் உறவே பொய் என்று தீர்க்கப்பட்டது. மருமகனை மகனென்று எழுதிக் கொடுத்தவர்களும் இருந்தனர். அதனை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சிலர் சொன்ன பொய்க்காக எல்லாத் தாய்மாரும் பொய்யராகக் கருதப்பட்டனர். பல ஆண்டுகள் பிரிந்திருந்த கணவனுக்கு வீட்டின் புதிய கூரை தெரியாது. அந்த அறியாமையையும் பிரிவே உண்டாக்கியது. வரிசை முரண்பாட்டை வளர்த்தது. முரண்பாடு மறுப்புக்குக் காரணமாயிற்று.

சொல்லை நம்பாதவர்கள் உடலைச் சோதித்தனர். பிள்ளைகளின் வயதை அறிவதற்கென்று எலும்புகளை எக்ஸ்-கதிர் கொண்டு படம் பிடித்தனர். வயதைத் திட்டமாகக் கூற இயலாத இம்முறை 1982இல் கைவிடப்பட்டது. 1979 சனவரியில் ஹீத்ரோ விமான நிலையத்தில், திருமணம் செய்யவந்த இந்திய ஆசிரியை ஒருவர் கன்னித்தன்மைச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டார். கார்டியன் பத்திரிகை இதனை வெளிப்படுத்தியபின் அவ்வழக்கம் நிறுத்தப்பட்டது. நாகரிகத்தின் தாயகம் என்று தன்னைக் கூறிக்கொண்ட நாட்டின் வாயிலில் நிகழ்ந்தவை இவை.

அன்வர் தித்தா என்னும் பெண்ணின் வழக்கு இவ்வரலாற்றின் உரைகல். அவர் இங்கிலாந்திலேயே பிறந்தவர். பாகிஸ்தானில் வளர்ந்து அங்கு மணம் முடித்தவர். 1975இல் மூன்று பிள்ளைகளை ஊரில் விட்டு இங்கிலாந்து திரும்பி, ரொச்டேல் நகரில் வாழ்ந்தார். பின்னர் பிள்ளைகளை அழைக்க முயன்றபோது, அவர்கள் அவர் பெற்ற பிள்ளைகளே அல்லர் என்று உள்நாட்டமைச்சு மறுத்தது. மேன்முறையீடும் தோற்றது. அவர் வீட்டில் அடங்கிக் கிடக்கவில்லை; தொழிற்சங்கங்களிலும் கூட்டங்களிலும் ஏறிப் பேசினார். கிரனாடா தொலைக்காட்சி நிறுவனம் இரத்தப் பரிசோதனை செய்வித்து உண்மையை நாடறியச் செய்தது. 1981இல் பிள்ளைகள் தாயிடம் வந்து சேர்ந்தனர். அவருக்கு வழி திறந்தது அரசின் கருணையன்று. மக்களின் திரண்ட குரலே.

1984இல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக் ஜெப்ரிஸ் மரபணு அடையாள முறையைக் கண்டறிந்தார். மறு ஆண்டே, கானா நாட்டுக் குடும்பமொன்றின் சிறுவன் அவன் தாயின் மகனே என்பதை அம்முறை மெய்ப்பித்தது. பின்னர் உள்நாட்டமைச்சு டாக்காவிலும் இஸ்லாமாபாத்திலும் நடத்திய சோதனையில், விண்ணப்பித்தோர் கூறிய உறவு மிகப் பெரும்பாலும் மெய்யென்றே தெரியவந்தது. ஏழைத் தாயின் சொல்லை விஞ்ஞானம் உறுதிப்படுத்தியது. ஆனால் அதற்குள் பிள்ளைகள் வளர்ந்துவிட்டனர். பத்து வயதில் பொய்யான பிள்ளை என்று மறுக்கப்பட்டவன், இருபது வயதில் உண்மையான பிள்ளை என்று மெய்ப்பிக்கப்பட்டான். புதிய விண்ணப்பத்திற்குப் புதிய வயதே கணக்கு. உறவு மெய்யென்று நிறுவினாலும், பிறரைச் சார்ந்து வாழ்வதும் பரிவுக்குரிய சிறப்புக் காரணங்களும் இருந்தாலன்றி அனுமதி இல்லை என 1989இல் அரசாங்கம் அறிவித்தது. தவறு செய்தது அரசு. அத்தவறு தின்ற காலத்தின் பலனை அடைந்ததும் அரசே.

நீதிமன்றப் படியேறியவர்களுக்கும் முழு வெற்றி கிட்டவில்லை. மனைவியரை அழைக்க ஆடவருக்கு இருந்த வசதி, கணவரை அழைக்கப் பெண்களுக்கு இல்லை என்பது பால் வேற்றுமையாகும் என்று 1985 மே மாதத்தில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசாங்கம் பெண்களுக்கான தடையைத் தளர்த்தவில்லை. ஆடவருக்கும் அதே தடையை விதித்துச் சமத்துவம் கண்டது! 1971ஆம் ஆண்டுச் சட்டம் அளித்த உறுதியையும் 1988இல் நீக்கியது.

இக்கதை நமக்கு அயலதன்று. பொதுநலவாய நாடுகளுள் முதன்முதலாகப் பிரித்தானிய விசாக் கட்டுப்பாட்டுக்கு உள்ளானது இலங்கையே. தமிழ் அகதிகள் அங்கு சென்ற 1985ஆம் ஆண்டிலேயே அது விதிக்கப்பட்டது. இன்று வரிசையுடன் வருமான அளவும் சேர்ந்துள்ளது. வாழ்க்கைத் துணையை அழைப்பதற்கு ஆண்டு வருமானம் 18,600 பவுண் வேண்டும் என 2012இல் விதித்தனர். 2024 ஏப்ரலில் அதனை 29,000 ஆக உயர்த்தினர். தாதியரும் துப்புரவுத் தொழிலாளரும் அந்நாட்டுக்கு வேண்டும். அவர்களுடைய குடும்பம் மட்டும் பணத்தால் நிறுத்துப் பார்க்கப்படும். பழைய கணக்கு மாறவில்லை.

விண்ணப்பங்களை ஆராய ஓர் அரசுக்குக் காலம் வேண்டும் என்பதை எவரும் மறுக்கார். ஆனால் அக்காலத்திற்கு எல்லை இருத்தல் வேண்டும். எல்லை கடந்த தாமதத்தின் இழப்பை அரசே ஏற்றல் வேண்டும். பிழையாக மறுக்கப்பட்ட பிள்ளையின் வயது முதல் விண்ணப்ப நாளிலேயே நிற்றல் வேண்டும். எமது வகுப்பறைகளில் தந்தையின் முகத்தைத் தொலைபேசித் திரையில் மட்டும் காணும் பிள்ளைகள் இருக்கின்றனர். கந்தோரில் ஒரு கோப்பு ஐந்தாண்டு கிடந்தால் அது அதே கோப்பாகவே இருக்கும். பிள்ளை அவ்வாறு இருப்பதில்லை.