தூரத்து வைத்தியரும் அருமருந்தும்



மருத்துவ வரலாற்றில் 1928ஆம் ஆண்டு இரு தொடக்கங்களைக் கண்டது. அவ்வாண்டு மே மாதம் 15ஆம் நாள், அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்துக் குளொன்கறி என்னும் சிற்றூரில், பாதிரியார் ஜோன் பிளின்னின் முயற்சியாற் பறக்கும் வைத்தியர் சேவை தோன்றியது. அதே ஆண்டு செப்டெம்பர் மாதம், இலண்டன் சென் மேரீஸ் வைத்தியசாலையில், அலெக்சாந்தர் பிளெமிங் தமது கண்ணாடித் தட்டொன்றிற் படர்ந்த பூஞ்சணத்தைச் சுற்றிக் கிருமிகள் அழிந்திருக்கக் கண்டார். ஒன்று, வைத்தியரின் அறிவு தூரத்தைக் கடந்த கதை. மற்றது, பெனிசிலின் என்னும் அருமருந்தின் கதை. நெடுங்காலம் தனித்தனியே நடந்த இவ்விரண்டும் நமது காலத்திற் சிறிய வைத்தியசாலைகளிலே ஒன்றுகூடியுள்ளன. அதன் தேவையும் பயனுமே இப்பேச்சின் பொருள்.

அவுஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பண்ணைகளில் அக்காலம் மின்வசதி அரிது. ஆகவே அல்பிரெட் திரேகர் என்பார், காலால் மிதித்து மின்சாரம் பெறும் வானொலிக் கருவியொன்றை அமைத்தார். 1929 முதல் அது பண்ணைகளை அடைந்தது. தொலைவிலிருக்கும் வைத்தியருக்கு நோயின் குறிகளை அறிவித்து ஆலோசனை பெற வழி பிறந்தது. வானொலி உயிர்காக்கவும் உதவியது என்பது நேயர்களாகிய உங்களுக்கு மகிழ்ச்சி தருவதன்றோ?

இனி மருந்தின் கதை. 1941 பெப்ரவரியில், ஒக்ஸ்போட் நகரிற் கடுமையான கிருமித்தொற்றுக்குள்ளான காவலர் ஒருவருக்குப் பெனிசிலின் செலுத்தப்பட்டது. சில நாள்களில் அவர் தேறலானார். மருந்தோ போதவில்லை. அவரது சிறுநீரிலிருந்தும் அதனைப் பிரித்தெடுத்து மீண்டும் செலுத்தினர், அதுவும் தீர்ந்தது. மார்ச்சு மாதம் அவர் இறந்தார். அன்று மருந்து அளவிற் குறைந்து தீர்ந்தது. இன்றோ குவிந்து கிடக்கும்போதே வலிமை குன்றுகின்றது. தேவையின்றி வழங்கப்படும் மருந்து, எளிய கிருமிகளைக் கொன்று, தனக்கு அடங்காதவை பெருக இடமளிக்கின்றது. முறைகேடான பயன்பாடு கிருமிகளை மருந்துக்குப் பழக்கிவிடும் என்று பிளெமிங் 1945இல், நோபெல் பரிசுப் பேருரையிலேயே எச்சரித்தார்.

எச்சரிக்கை தெரிந்திருந்தும் மருந்து மிகுதியாக வழங்கப்படுவது ஏன்? சிறிய வைத்தியசாலையொன்றின் இரவை எண்ணிப் பாருங்கள். கடுங் காய்ச்சலோடு நோயாளி வருகின்றார். கிருமி எதுவென்று சோதனைக்கூடம் சொல்ல இரண்டொரு நாளாகும். பலவகைக் கிருமிகளையும் ஒருங்கே தாக்கும் மருந்தை வைத்தியர் தொடங்குகின்றார். அது குற்றமன்று, பல வேளைகளில் அதுவே கடமை. சோதனை முடிவு வந்தபின் அம்மருந்தை மாற்றவோ நிறுத்தவோ வேண்டிய வேளையிலேதான் தயக்கம் பிறக்கின்றது. ஓராசிரியர் பாடசாலையின் ஆசிரியரைப்போல, ஐயம் கேட்க அருகில் ஒருவருமின்றி அவர் நிற்கின்றார்.

இத்தனிமையை நீக்க முடியும் என்பதற்கு ஐக்கிய அமெரிக்காவிற் சான்றுகளுண்டு. 2003இல் நியூ மெக்சிக்கோப் பல்கலைக்கழக வைத்தியர் சஞ்சீவ் அரோரா, எக்கோ என்னும் திட்டத்தை ஆரம்பித்தார். ஈரலைத் தாக்கும் ஹெப்பற்றைற்றிஸ் சீ என்னும் வைரசு நோய்க்குச் சிகிச்சையளிக்க, கிராமப்புற வைத்தியர்களைக் காணொளி வழியே கூட்டி, ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் உரையாடிப் பயிற்றினார். 2011இல் வெளியான ஆய்வின்படி, பல்கலைக்கழகத்தில் நூற்றுக்கு 57.5 பேரும், திட்டத்திற் சேர்ந்த நிலையங்களில் 58.2 பேரும் குணமடைந்தனர். தூரத்தாற் சிகிச்சையின் தரம் குறையவில்லை.

மருந்தைக் காக்கும் முயற்சி அடுத்து வந்தது. யூட்டா, ஐடகோ மாநிலங்களிலே, 200 படுக்கைகளுக்குக் குறைந்த 15 வைத்தியசாலைகள் 2014, 2015ஆம் ஆண்டுகளில் மூன்று பிரிவுகளாக ஆராயப்பட்டன. தொற்றுநோய் நிபுணரைத் தொலைபேசியில் அழைக்கும் வசதி எல்லாப் பிரிவுகளுக்கும் இருந்தது. ஒரு பிரிவில் மட்டும், முக்கியமான சோதனை முடிவுகளை நிபுணரே தொலைவிலிருந்து பார்வையிட்டார். வலிய மருந்துகள் சிலவற்றுக்கு அவரது இசைவும் வேண்டப்பட்டது. அப்பிரிவிலேயே மொத்தப் பயன்பாடு நூற்றுக்கு 11 வீதமும், பலவகைக் கிருமிகளைத் தாக்கும் மருந்துகளின் பயன்பாடு 24 வீதமும் குறைந்தன. ஆய்வு 2018இல் வெளியாயிற்று.

இதனால் நாம் அறிவது யாது? கருவி இருந்தால் மட்டும் போதாது. ஐயமுற்றவர் அழைக்கும்வரை காத்திராது, அறிந்தவர் தாமே முன்வந்து பார்க்கும் ஒழுங்கு வேண்டும். தனித்து நிற்கும் வைத்தியருக்கு மருந்தைத் தொடங்கும் துணிவு இருக்கின்றது. நிறுத்தும் துணிவையே துணைவர் தருகின்றார். ஒக்ஸ்போட் காவலருக்குக் கிடையாதுபோன மருந்து, நாளை வரும் நோயாளிக்கு வலிமையோடு கிடைக்க வேண்டுமாயின், இன்றைய நோயாளியின் கட்டிலருகே அத்துணை இருத்தல் வேண்டும்.