புகையற்ற மான்செஸ்டர்

கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று சொல்லிப் பழகிவிட்டோம். பஞ்சையும் நூலையும் எண்ணித்தான் அவ்வாறு சொல்கிறோம். அந்த இங்கிலாந்து நகரின் கரிப்புகையை எண்ணுவதில்லை. அதற்குக் காரணம் நம் ஊர் வரலாற்றிலேயே இருக்கின்றது.

1888இல் இராபர்ட் ஸ்டேன்ஸ் இங்கே நூற்பாலை தொடங்கிய காலத்தில் ஆலைகளுக்கு உயிர் நீராவி. பின்னர் நாற்பது ஆண்டுகள் ஆலைகள் மெல்லவே பெருகின. 1932இல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதும் நிலைமை மாறிற்று. மலைநீரின் விசை கம்பிவழி சமவெளிக்கு இறங்க, ஆலைகள் மளமளவென்று எழுந்தன. கிணறுகளில் மின்மோட்டார்கள் ஓடின. நிலக்கரியை நம்பி வளர்ந்த மான்செஸ்டரைப் போலன்றி நாம் நீரை நம்பி வளர்ந்தோம்.

ஆனால் மோட்டாருக்கும் பம்புக்கும் வார்ப்பிரும்பு வேண்டும். கணபதியிலும் பீளமேட்டிலும் வார்ப்படச் சாலைகளின் கற்கரி உலைகள் புகைந்தன. மதுக்கரையில் சிமெண்ட் ஆலை வந்தது. வீடுகள் பெருகப் பெருகத் தடாகம் பள்ளத்தாக்கின் செம்மண் சூளைகளில் வெந்தது. முன்வாசலில் துரத்திய புகையைக் கொல்லைப்புறமாக நாமே அழைத்துக்கொண்டோம்.

பாலக்காட்டுக் கணவாய் நம்மைக் காத்து வந்திருக்கின்றது. தென்மேற்குப் பருவக்காற்று அவ்வழியே புகுந்து நகரத்தைக் கழுவிவிடும். பனிக்காலத்தில் காற்று ஓய்ந்தால் வாகனப்புகையும் சாலைப்புழுதியும் தாழவே தங்கிவிடுகின்றன. 2024 ஏப்ரலில் வெள்ளலூர்க் குப்பைக்கிடங்கு எரிந்தபோது, சுற்றியிருந்தோர்க்கு மூச்சுவிடுவதே பெரும்பாடாயிற்று.

மீட்சி உண்டா? 1952 டிசம்பரில் இலண்டன் நச்சுப்பனியில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். 1956இல் அங்கே தூய காற்றுச் சட்டம் பிறந்தது. நம் நாட்டில் 1981 முதலே காற்று மாசுத் தடுப்புச் சட்டம் இருக்கின்றது. அதன் கை நீள நாளாகும், எனினும் நீளும். 2021இல் தடாகம் பகுதியில் நூற்றுக்கு மேற்பட்ட சூளைகள் மூடப்பட்டன. புகை நின்றது, சூளையை நம்பியிருந்தோரின் கூலியும் நின்றது. அவர்களுக்கு வேறு பிழைப்புக்கு வழிசெய்யாமல் தூய காற்றைப் பற்றி மட்டும் பேசுவது அறமாகாது.

வார்ப்படச் சாலைகள் பலவற்றில் கற்கரி உலைகளின் இடத்தில் மின்னுலைகள் வந்துவிட்டன. பல்லடத்திலும் உடுமலையிலும் அதே கணவாய்க் காற்று மின்சாரமாகின்றது. பேருந்துகளைப் பெருக்குவதும், குப்பையைத் தரம்பிரித்து எரியாமல் காப்பதும் நம் கைக்கு எட்டாதவை அல்ல. புகையின்றித் தொழில் வளர்க்க இயலுமா என்று ஐயுறுவோர்க்கு நாம் தொலைதூர நாடுகளைக் காட்ட வேண்டியதில்லை. பைக்காராவைக் காட்டினால் போதும்.