ஏற்காட்டு மலையும் பணமா சந்தோஷமா பட்டிமன்றமும்

பணமா, சந்தோஷமா? பட்டிமன்றத்துல அடிச்சுத் துவைச்ச தலைப்புதான். ஆனா சேர்வராயன் மலைக்கு இது வெறும் தலைப்பு இல்லீங்க.

1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இங்கே காபியைக் கொண்டுவந்தார். பணப்பயிர்தான். ஆனா காபிக்கு நிழல் வேணும். அதனால மரம் கொஞ்சமாவது தப்பிச்சுது. பிறகு மேட்டூர் மால்கோ அலுமினிய ஆலைக்காக பாக்சைட் வெட்டினாங்க. அதுக்கு மேல்மண்ணையே வழிச்செடுக்கணும். கூலி கிடைச்சது, மறுக்கலை. 2008ல ஆலை உற்பத்தி நின்னுச்சு, அந்தக் கூலியும் நின்னுச்சு. வெட்டின மலை வளரலை.

உச்சியில குகைக்குள்ள சேர்வராயன் மட்டும் அப்படியே இருக்கார். மே மாசத் திருவிழாவுக்கு மலையாளி பழங்குடி ஊர்கள் இன்னமும் கூடுது.

பணம் வேணும்தான். ஆனா முதலையே அழிச்சுட்டு வர்றது வருமானமா? நீங்களே சொல்லுங்க மக்களே.