பாடத்தை எழுதுகிறவரும் வகுப்பில் நிற்கிறவரும்

2007க்குப் பிறகு ஆறாம் ஆண்டோ பத்தாம் ஆண்டோ படிச்ச ஆக்களுக்கு இது தெரிஞ்ச விசயம். ரீச்சர் வந்ததும் "குழுவாப் பிரியுங்கோ" என்பா. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தாள் வரும். அதில் சொன்னதைச் செய்து, கதைத்து, பெரிய தாளில் எழுதி, முன்னுக்கு வந்து விளக்க வேணும். வகுப்பில் நாற்பது பேர், பாடவேளை நாற்பது நிமிடம். இரண்டாவது குழு முன்னுக்கு வரும்போதே மணி அடிச்சிரும். மிச்சம் ரியூசனில்.

அந்தத் தாளை ரீச்சர் எழுதவில்லை. மகரகமவில் இருக்கிற தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் அறிவுரைப்பு வழிகாட்டியில் இருந்து அது வந்தது. ஈடுபடுத்தல், கண்டறிதல், விளக்கல், விரிவுபடுத்தல், மதிப்பிடல் என்று ஐந்து படிகள். ஆங்கிலத்தில் ஐந்து சொல்லும் 'ஈ' என்ற எழுத்தில் தொடங்குவதால் எல்லாரும் அதை 'ஃபைவ் ஈ' என்றார்கள்.

ஒரு பாடத்தை எந்த ஒழுங்கில், எந்தச் செயற்பாட்டோடு, எவ்வளவு நேரத்தில் படிப்பிப்பது என்று முன்கூட்டியே திட்டமிட்டுக் கொடுக்கிறவரைக் கற்பித்தல் வடிவமைப்பாளர் என்கிறார்கள். எங்கள் அரச பாடசாலைகளில் இந்தப் பதவிப் பெயரைக் கேள்விப்படுவது அரிது. ஆனால் அந்த வேலை நீண்டகாலமாக நடக்கிறது. அவருக்கும் வகுப்பில் நிற்கிற ரீச்சருக்கும் என்ன உறவு என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. எங்கள் வகுப்பறை ஏன் அப்படி இருந்தது என்று விளங்க, அதை ஒருக்கா பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்தத் தொழிலின் ஒரு முக்கிய வேர் பட்டாளத்தில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் இலட்சக்கணக்கான ஆட்களை விரைவாகப் பழக்க அமெரிக்க இராணுவத்துக்கு உளவியலாளர்கள் தேவைப்பட்டார்கள். அப்படி வேலை செய்தவர்களில் ஒருவர் ரொபேட் கான்யே. வேலையைச் சின்னத் துண்டுகளாகப் பிரி, ஒவ்வொரு துண்டுக்கும் பயிற்சி கொடு, முடிவில் சோதி என்கிற சிந்தனை அங்கே வளர்ந்தது. 1965இல் அவர் எழுதிய நூல் இன்றும் இந்தத் துறையின் அடிப்படை நூல்களில் ஒன்று. பட்டாளத்துக்கு இது பொருத்தம்தான். பயிற்றுவிப்பவர் நாளைக்கு வேறொருவராக இருக்கலாம், பாடம் அதே பாடமாக இருக்க வேணும். இந்த எண்ணம் பள்ளிக்கூடத்துக்குள் வந்தபோதுதான் பிரச்சினையும் வந்தது.

1957 ஒக்டோபரில் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை விண்ணுக்கு அனுப்பியது. 'எங்கட பிள்ளைகள் விஞ்ஞானத்தில் பின்தங்கிவிட்டார்கள்' என்று அமெரிக்கா பதறியது. பாடத்திட்டத்தைப் புதுப்பிக்கப் பெரும் பணம் கொட்டப்பட்டது. அப்படி 1958இல் கொலராடோவில் தொடங்கியதுதான் உயிரியல் பாடத்திட்டத்துக்கான பி.எஸ்.சி.எஸ் என்ற அமைப்பு. எங்கள் ஃபைவ் ஈயின் பிறப்பிடம் அதுதான். 1980களில் ரொஜர் பைபியும் அவருடைய குழுவும் அங்கே அந்த ஐந்து படிகளை உருவாக்கினார்கள்.

அந்த அமைப்பின் முதல் வேலையைக் கொஞ்சம் பார்ப்போம். 1960 கோடை விடுமுறையில் பல்கலைக்கழக உயிரியலாளர்களையும் உயர்நிலைப் பாடசாலை ஆசிரியர்களையும் ஒன்றாக இருத்தி எழுத வைத்தார்கள். பேராசிரியர் கலத்தைப் பற்றி எழுதுவார். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இது எங்கே விளங்காது என்பதை ஆசிரியர் சொல்லுவார். எழுதியதை அடுத்த கல்வியாண்டில் வகுப்புகளில் பரீட்சித்து, ஆசிரியர்கள் சொன்ன குறைகளை வைத்துத் திரும்பவும் எழுதினார்கள். 1963இல்தான் அவை விற்பனைக்கு வந்தன. அந்தப் புத்தகங்கள் குறையற்றவை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆனால் எழுதுகிறவரும் படிப்பிக்கிறவரும் ஒரே மேசையில் இருந்தார்கள்.

அதே காலத்தில் அமெரிக்காவில் இன்னொரு பேச்சும் ஓடியது. 'ஆசிரியரால் கெடுக்க முடியாத பாடத்திட்டம்' செய்ய வேணுமாம். தண்ணி புகாத கைக்கடிகாரம் மாதிரி, ஆசிரியர் புகாத பாடம். கேட்கவே ஒரு மாதிரி இருக்கு. ஆனால் அதை முழு நாட்டளவில் செய்து பார்த்த ஒரு தீவு இருக்கிறது.

பசிபிக் கடலில் உள்ள அமெரிக்க சமோவாவின் சனத்தொகை அப்போது சுமார் 20,000. 1961இல் அங்கே ஆளுநராக வந்த ரெக்ஸ் லீ, கிராமத்துப் பாடசாலைகளின் நிலையைக் கண்டு அவற்றை விரைவாக மாற்ற நினைத்தார். ஆசிரியர்கள் உள்ளூர்க்காரர். அவர்களில் பலரின் ஆங்கிலமும் பாட அறிவும் போதாது என்று கணித்தார்கள். எல்லாருக்கும் பதிலாக அமெரிக்காவில் இருந்து ஆசிரியர்களைக் கொண்டுவரக் காசு காணாது. அவர்களைப் பயிற்றக் காலம் எடுக்கும். எனவே தொலைக்காட்சி. அலாவா மலை உச்சியில் ஒலிபரப்புக் கோபுரம் எழுந்தது, அதற்குப் போய்வர பாகோ பாகோ துறைமுகத்துக்கு மேலால் கேபிள் கார் ஓடியது. ஆறு அலைவரிசைகள். 1964 ஒக்டோபரில் பாடங்கள் தொடங்கின.

ஏற்பாடு இப்படி. அமெரிக்காவில் இருந்து வந்த 'ஸ்ரூடியோ ஆசிரியர்' படப்பிடிப்புக் கூடத்தில் நின்று படிப்பிப்பார். அவரோடு தயாரிப்பாளர்களும் பாடம் திட்டமிடுகிறவர்களும் இருந்தார்கள். ரிவிக்கு முன் என்ன சொல்லுவது, ரிவி முடிந்ததும் எந்தப் பயிற்சியைக் கொடுப்பது என்று எழுதிய வழிகாட்டிகளும் பயிற்சித் தாள்களும் பாடசாலைகளுக்குப் போகும். வகுப்பில் நின்ற சமோவா ஆசிரியரின் வேலை அந்த வழிகாட்டியின்படி நடப்பது. பிள்ளைக்கு விளங்கவில்லை என்று அவருக்குத் தெரிந்தாலும் ரிவியை நிற்பாட்டேலாது. தீவு முழுக்க அதே நிமிடத்தில் அதே பாடம் போய்க்கொண்டிருக்கும்.

உலகமே மெச்சியது. 1966இல் ஜனாதிபதி ஜோன்சனே போய்ப் பார்த்தார். புதுக் கட்டடங்கள் வந்தன, பிள்ளைகள் ஆங்கிலம் கூடுதலாகக் கேட்டார்கள். அதையெல்லாம் மறுக்க முடியாது. ஆனால் சில வருடங்களில் முணுமுணுப்பு எழுந்தது. சின்ன வகுப்புகளைவிட மேல் வகுப்புகளில்தான் அதிருப்தி கூட. பெறுபேறுகளும் எதிர்பார்த்த உயரத்துக்குப் போகவில்லை. ஆசிரியர்களும் தங்கள் வகுப்பைத் தாங்களே நடத்தக் கேட்டார்கள். 1970களின் நடுப்பகுதியில் ரிவி மைய இடத்தை இழந்து, வேண்டுமென்றால் பாவிக்கிற துணைக் கருவியானது.

எங்களுக்கு இதில் உறுத்துகிற விசயம் தொழில்நுட்பம் இல்லை. அந்த வழிகாட்டிகளை எழுதினவர்கள் கெட்டிக்காரர், கடுமையாக உழைத்தவர்கள். ஆனால் ஆசிரியரின் குறையை மறைக்கத்தான் அவர்கள் எழுதினார்கள். குறையென்று கணிக்கப்பட்ட ஆசிரியர்தான் அந்த வகுப்பில் பிள்ளையின் மொழி தெரிந்தவர், பிள்ளையின் வீடும் தெரிந்தவர்.

இதற்கு நேர் எதிர்த் திசையில் போனவர் இங்கிலாந்தின் லோரன்ஸ் ஸ்ரென்ஹவுஸ். பாடசாலையை விட்டு விலகும் வயது 16ஆக உயரப் போகுது, அந்தப் பிள்ளைகளுக்கு என்ன படிப்பிக்கிறது என்ற கேள்வியோடு 1967இல் ஒரு திட்டம் தொடங்கியது. போர், குடும்பம், வறுமை, இனம் போன்ற தலைப்புகளில் அவருடைய குழு வாசிப்புப் பொதிகளைச் சேர்த்தது. ஆனால் எப்படிப் படிப்பிப்பது என்று கட்டளை போடவில்லை. ஆசிரியர் தன் கருத்தைத் திணிக்காத நடுநிலைத் தலைவராக இருந்து கலந்துரையாடலை நடத்திப் பார்க்க வேணும், நடந்ததைப் பதிவு செய்து திரும்பிக் கேட்க வேணும், குழுவோடு கதைக்க வேணும். ஆசிரியர் வளராமல் பாடத்திட்டம் வளராது என்பது ஸ்ரென்ஹவுஸின் பிடிவாதம். ஆசிரியரை அவர் ஆராய்ச்சியாளராகப் பார்த்தார். இதிலும் எல்லாம் சுமுகமாக நடக்கவில்லை. இனம் பற்றிய பொதியை வெளியிட, திட்டத்தை நடத்திய சபையே மறுத்துவிட்டது. அந்த இடத்தில் எங்கள் நாட்டை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

எங்கள் நாட்டிலும் ஒருக்கா ஆசிரியரைத் திட்டமிடுபவராக்கப் பார்த்தார்கள். 1972 சீர்திருத்தத்தில் வந்த தொழில் முன்னிலைப் பாடங்களில், அந்தந்த ஊரின் தொழிலைப் பாடமாக எடுக்க இடமிருந்தது. கடற்கரை ஊர் என்றால் மீன்பிடி. 'என்ர பிள்ளை டொக்டராக வேணும், நீங்கள் என்ன வலை பின்னச் சொல்லித் தாறியள்' என்கிற மாதிரியான எதிர்ப்பு பெற்றோரிடம் இருந்தது. 1977 ஆட்சி மாற்றத்தோடு அந்தச் சீர்திருத்தத்தின் பெரும்பகுதி போய்விட்டது. ஊரை அறிந்த ஆசிரியர் பாடத்தை எழுதலாம் என்ற எண்ணமும் அதோடு போனதுதான் எங்களுக்கு இழப்பாகத் தெரிகிறது.

பிறகு 2007இல் ஃபைவ் ஈ வந்தது. வடக்கில் அது எப்படிப்பட்ட காலம்? 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டு, யாழ்ப்பாணத்தில் சீனிக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்ற காலம். வன்னியில் இடப்பெயர்வு தொடங்கவிருந்த காலம். அந்த நேரத்தில் வழிகாட்டி, பிள்ளைகளைக் குழுவாக்கிப் பொருட்களைக் கொடுத்துக் கண்டறிய விடச் சொல்கிறது. யோசனை பிழையில்லை, நல்ல யோசனை. எழுதின குழுக்களில் ஆசிரியர்களும் இருந்தார்கள். ஆனால் பெரும்பாலான ரீச்சர்மாருக்கு அது முடிந்த பொருளாகத்தான் கைக்கு வந்தது, தமிழில் பல பாடங்களுக்கு மொழிபெயர்ப்பாக வந்தது. கொலராடோவில் இருந்து ஐந்து சொற்கள் வந்து சேர்ந்தன. அந்த மேசை வரவில்லை.

அந்த மேசையாக இருக்கக் கூடியவர் எங்கள் அமைப்பில் ஏற்கெனவே இருக்கிறார். வலயக் கல்வி அலுவலகத்தின் சேவைக்கால ஆசிரிய ஆலோசகர். வகுப்பில் நின்று அனுபவப்பட்டவர், பாடசாலை பாடசாலையாகப் போகிறவர். ரீச்சருக்குப் பக்கத்தில் இருந்து, 'இந்தச் செயற்பாட்டுக்கு இரண்டு பாடவேளை தேவை, இதை இப்படி மாத்துவம்' என்று சொல்லவும், அதை மகரகமவுக்குத் திருப்பி எழுதவும் அவரால் ஏலும். ஆனால் அவர் வந்தால் பாடக்குறிப்புக் கொப்பி பார்க்க வாறார் என்றுதான் பல ரீச்சர்மார் பயப்படுகிறார்கள். உதவிக்கு வாறவர் மேற்பார்வைக்கு வாறவராகத் தெரிஞ்சால் யார் தன் சிக்கலைச் சொல்லுவா?

இதற்கிடையில் ஊரில் ஒருவர் சத்தமில்லாமல் இந்த வேலையைச் செய்து கொண்டிருக்கிறார். ரியூசன் சேர். தன் தாளைத் தானே எழுதுகிறார், எந்தக் கேள்வியில் பிள்ளைகள் தடுக்குப்படுகிறார்கள் என்று பார்த்து அடுத்த வருடம் மாத்துகிறார். பரீட்சையைத் தவிர வேறொன்றையும் அவர் குறி வைப்பதில்லை என்பது வேறு கதை. ஆனால் எழுதுகிறவரும் படிப்பிக்கிறவரும் அங்கே ஒராள்தான்.

இப்போது புதிய சீர்திருத்தத்தில் 'மொடியூல்' என்ற சொல் அடிபடுகிறது. உங்கள் தம்பி தங்கச்சியின் கைக்கு ஒன்று வந்தால் முன்பக்கங்களில் போட்டிருக்கிற பெயர்களைப் பாருங்கோ. அதில் எத்தனை பேர் இன்றைக்கும் வகுப்பில் நின்று படிப்பிக்கிறவர்கள், முல்லைத்தீவிலோ மட்டக்களப்பிலோ மலையகத் தோட்டப் பாடசாலையிலோ இருந்து வந்தவர்கள் எத்தனை பேர், தமிழ்ப் பெயர்களில் எத்தனை 'மொழிபெயர்ப்பு' என்ற தலைப்புக்குக் கீழே இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கோ.