இரு மணிக்கூடுகள், இரு நேரங்கள்

என் மேசை லாச்சியில் பழைய டிஜிட்டல் கைக்கடிகாரங்கள் இரண்டு கிடக்கின்றன. இரண்டுமே இன்று ஓடுவதில்லை. ஆயினும் அவற்றை எறிந்துவிட மனம் வரவில்லை.

முதலாவது, எண்பதுகளின் முற்பகுதியில் மத்திய கிழக்கிலிருந்து விடுமுறையில் வந்த மைத்துனர் தந்தது. அதன் முகப்பில் 'வோட்டர் றெசிஸ்ற்' எனப் பொறிக்கப்பட்டிருந்தது. தண்ணீர் புகாது எனப் பொருள்கொண்டு கிணற்றடியிலும் அதனைக் கழற்றாது குளித்தேன். இரண்டாம் வாரம் கண்ணாடியின் உட்புறத்தில் ஆவி படிந்தது. மூன்றாம் வாரம் இலக்கங்கள் மறைந்தன.

அச்சொல்லின் பொருளைப் பின்னரே அறிந்தேன். அது நீரை ஓரளவு தாங்கும் என்பதேயன்றி, நீர் புகவே புகாது என்பதன்று. 30 மீற்றர் எனக் குறிக்கப்பட்ட கடிகாரத்தை அணிந்து 30 மீற்றர் ஆழத்துக்குச் செல்லலாம் என்றும் கருதக்கூடாது. அசைவற்ற நிலையில் சோதித்த நீரமுக்கத்தின் அளவே அது. மழைத்துளிக்கும் கைகழுவுவதற்கும் 30 மீற்றர் போதும். நீந்துவதற்கு 50 மீற்றராவது வேண்டும். சுழியோடிகளின் கடிகாரங்களுக்கு வேறு தரநிர்ணயம் உண்டு.

இந்தச் சிறு கருவியின் வரலாறு சுவையானது. குவாட்ஸ் போன்ற சில படிகங்களை அழுத்தினால் மின்னேற்றம் தோன்றும் என்பதை 1880இல் பியர் கியூரியும் அவரது தமையனார் ஜாக்கும் கண்டறிந்தனர். அதன் மறுதலையாக, மின்னைச் செலுத்தினால் படிகம் அதிரும். இன்றைய கடிகாரத்தினுள் இருக்கும் படிகம் செக்கனுக்கு 32,768 தடவைகள் அதிர்கின்றது. இவ்விலக்கம் தற்செயலானதன்று. அதனைத் தொடர்ந்து 15 முறை பாதியாக்கினால் எஞ்சுவது ஒன்று. அதுவே ஒரு செக்கன். இந்தப் பாதியாக்கும் கணக்கைச் செய்வதே உள்ளிருக்கும் மின்சுற்றின் தலையாய பணி.

ஜப்பானின் செய்கோ நிறுவனம் 1969 டிசெம்பர் 25ஆந் திகதி உலகின் முதலாவது குவாட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. விலை 450,000 யென். எனினும் அதில் முட்களே இருந்தன. முட்களற்ற முதலாவது மின்னணுக் கைக்கடிகாரம், அமெரிக்காவின் ஹமில்ரன் நிறுவனம் 1972இல் விற்கத் தொடங்கிய பல்சர். பொன்னாலான அதன் விலை 2,100 டொலர். அதில் எல்.ஈ.டி. எனப்படும் ஒளியுமிழும் இருவாயிகள் சிவப்பாக மணியைக் காட்டின. அவை பற்றரியை விரைவில் தீர்த்துவிடுமாதலால் பொத்தானை அழுத்தினாலன்றி நேரம் தெரியாது. ஒரு கையில் கட்டிய கடிகாரத்தைப் பார்க்க மறுகையும் தேவைப்பட்டது.

இக்குறையை எல்.சி.டி. எனும் திரவப் படிகத் திரை நீக்கிற்று. அது தானாக ஒளிர்வதில்லை. புற ஒளியை மறைத்தும் விடுத்தும் இலக்கத்தைக் காட்டுகின்றது. எனவே மிகச் சிறிதளவு மின்னே அதற்குப் போதும். இருளில் பார்ப்பதற்கு மட்டும் தனியே ஒரு விளக்கு வேண்டும். கசியோ நிறுவனம் 1974இல் வெளியிட்ட கசியோட்ரன், 30 நாள் மாதத்தையும் 31 நாள் மாதத்தையும் தானே பிரித்தறிந்தது. 1976இல் அமெரிக்காவின் ரெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ற்ஸ் நிறுவனம் 20 டொலருக்கும் குறைந்த விலையில் பிளாஸ்ரிக் கடிகாரத்தை அறிமுகப்படுத்தியது. செல்வந்தரின் அணிகலன் நான்கே ஆண்டுகளில் மாணவனின் கைக்கு வந்தது. சுவிற்சர்லாந்திலோ, 1970இல் ஏறத்தாழ 90,000 பேருக்கு வேலையளித்த கடிகாரத் தொழில், எண்பதுகளின் நடுப்பகுதியில் 30,000 பேரளவுக்குச் சுருங்கிற்று.

இனி, லாச்சியில் கிடக்கும் இரண்டாவது கடிகாரம். அதில் மணிக்கொருமுறை ஒலியெழுப்பும் 'எஸ்.ஐ.ஜி.', ஓட்டத்தை நிறுத்தாமலே இடைநேரத்தைக் காட்டும் 'எஸ்.பி.எல்.' ஆகியவற்றோடு 'டி.ரி.' என்றொரு வசதியும் இருந்தது. இரட்டை நேரம் என்பது அதன் பொருள். வெளிநாடு செல்பவருக்கென அமைக்கப்பட்ட அவ்வசதி எனக்கு உள்நாட்டிலேயே பயன்பட்டது.

மின்சார நெருக்கடி காரணமாக 1996 மே மாதம் இலங்கை அரசு நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளியது. ஒக்ரோபரில் அதில் அரை மணியைக் குறைத்தது. விடுதலைப் புலிகளின் நிர்வாகத்திலிருந்த பகுதிகள் இம்மாற்றங்களை ஏற்கவில்லை. சிறியதொரு தீவில் இரண்டு நேரங்கள் நிலவின. 2002இல் போர்நிறுத்தத்தின் பின் ஏ-9 வீதி திறந்தபோது, ஓமந்தையில் மணிக்கூட்டை அரை மணி பின்தள்ளி, முகமாலையைத் தாண்டியதும் மீண்டும் முன்தள்ளவேண்டியிருந்தது. கிளிநொச்சியில் பத்து மணிக்குச் சந்திப்பு என்றால், எந்தப் பத்து மணி என்று கேட்பது செய்தியாளனின் முதற் கடமையாயிற்று. நான் ஒரு பொத்தானில் கொழும்பையும் மறு அழுத்தில் வன்னியையும் வைத்திருந்தேன்.

2006 ஏப்ரல் 15ஆந் திகதி அரசு பழைய நேரத்துக்கே திரும்பியது. பத்தாண்டுகளின் பின் தீவெங்கும் ஒரே நேரம். இனி இரட்டை நேரம் தேவையில்லை என எண்ணி, அவ்வசதியை இந்திய நேரத்துக்கு மாற்றப் போனேன். அதுவும் நமது நேரமாகவே இருந்தது. நான்கு மாதங்கள் நிறைவதற்குள், ஓகஸ்ட்டில், முகமாலையில் போர் மூண்டு ஏ-9 வீதி மூடப்பட்டது.

செக்கனை எண்ணப் படிகம் போதும். மணி என்ன என்பதை மனிதர்தான் தீர்மானிக்கின்றனர். நேரம் ஒன்றாவதால் மட்டும் நாடு ஒன்றாகிவிடுவதில்லை என்பதை எனக்கு உணர்த்தியது அந்தக் கடிகாரமே. அதனை எறிய மனம் வராததற்கு அதுவே காரணம்.