கேமரன் மலைத் தோட்டத் தமிழர்: பூர்வீகத் தேடல்

பகாங் மாநிலத்தின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தார், தமிழ்நாட்டிலுள்ள பூர்வீக ஊரையும் முன்னோரையும் கண்டறிய மேற்கொள்ளும் முயற்சி.

நில அளவையாளர் வில்லியம் கேமரன் 1885-இல் இந்த மலைப்பகுதிக்கு வந்தார். தேயிலை வந்தது பிற்பாடு. 1929-இல் ஜே. ஏ. ரசல் போ தோட்டத்தைத் தொடங்கினார். இலங்கையில் தேயிலை அனுபவம் பெற்ற ஏ. பி. மில்ன் அவருக்குத் துணை. 1933-இல் பாரத் தோட்டம் உருவானது.

தோட்டங்களின் முதல் தொழிலாளர் நேரே தமிழ்நாட்டிலிருந்து வந்தார்களா, சமவெளி ரப்பர்த் தோட்டங்களிலிருந்து மலையேறினார்களா என்பதை அறுதியிடுவது கடினம். காலக்கணக்கு இரண்டாவதன் பக்கம் சாய்கிறது எனலாம். பொருளாதார மந்தத்தால் 1930 ஆகஸ்டில், ஊரிலிருந்து ஆள் சேர்த்துவரும் கங்காணிகளுக்கான உரிமங்கள் நிறுத்தப்பட்டன. லட்சத்துக்கு மேற்பட்டோர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். 1934-இல் ஆள் சேர்ப்பு மீண்டும் தொடங்கியது; 1938 ஜூனில் இந்திய அரசு அதைத் தடைசெய்தது. கங்காணி கூட்டிவந்து நேரே மலைக்கு ஏற்றிய குடும்பமென்றால், அது பெரும்பாலும் 1934-க்கும் 1938-க்கும் இடைப்பட்ட நான்காண்டுகளில்தான் நிகழ்ந்திருக்க வேண்டும். மற்றவர்கள் பேராக், சிலாங்கூர் போன்ற இடங்களில் முன்னோர் முதலில் பால் வெட்டிய தோட்டத்தைத் தேடுவது நலம்.

கங்காணி முறை ஏராளமான காகிதம் விட்டுச்சென்றது. உரிமம் பெற்ற கங்காணி சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ அதைப் பதிந்துகொண்டு தன் ஊருக்குப் போவார். சேர்த்த ஆட்களைக் கிராம முன்சீப்பின் முன் நிறுத்திக் கையெழுத்து வாங்குவார். ஆவடி, நாகப்பட்டினம் முகாம்கள் வழியாகக் கப்பல். பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறக்கம். பின்னர் தனிமைப்படுத்தும் முகாம். குடும்பக் கதைகளில் கப்பலின் பெயர் பெரும்பாலும் 'ரஜூலா'. அது 1926-இல் கட்டப்பட்டது என்பதால், அதற்கு முந்திய வருகைக்கு அந்தப் பெயர் பொருந்தாது. ஆனால் தொழிலாளர் துறையின் ஆண்டறிக்கைகளும், 1923 முதல் மலாயாவில் இருந்த இந்திய அரசின் ஏஜெண்டு எழுதிய அறிக்கைகளும் வந்தவர்களை எண்களாகவே தருகின்றன. மாவட்டப் பெயர்களையும் இன்றைய வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும்: அன்றைய சேலத்துக்குள் தருமபுரியும் நாமக்கல்லும் அடங்கும், திருச்சிக்குள் பெரம்பலூரும் கரூரும், வட ஆர்க்காட்டுக்குள் திருவண்ணாமலை.

பெயர்கள் தனிச் சிக்கல். தந்தை பெயரே முன்னெழுத்தாவதால் குடும்பப் பெயர் தொடர்வதில்லை. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதால் முனியாண்டிக்குப் பின் இன்னொரு முனியாண்டி வருவார். தோட்ட எழுத்தரான கிராணி, காதில் விழுந்தபடி ரோமன் எழுத்தில் எழுதிய செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் ஒரே ஆள் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலில் இருக்கலாம்.

ஆதலால் வீட்டுச் சான்றுகளே பெரிதும் கைகொடுக்கின்றன. குலதெய்வத்தின் பெயர் தெரிந்தால் தேடல் பெரும்பாலும் ஒரு வட்டாரத்துக்குள் சுருங்கிவிடும். அய்யனாருக்கும் மாரியம்மனுக்கும் ஊர்தோறும் கோயில் உண்டாதலால், அடைமொழியோடு கேட்டு வைத்துக்கொள்வது முக்கியம். கல்யாண மொய் நோட்டில் பெயரும் தொகையும், சிலசமயம் ஊரும் இருக்கும். யார் பங்காளி, யார் சம்பந்தி என்பதை அரசுப் பதிவேட்டைவிட அது தெளிவாகச் சொல்லும். சீராக வந்த பித்தளைக் குடத்தின் கழுத்தில் உளியால் வெட்டிய எழுத்துகளையும் விளக்கிப் பார்ப்பது தகும். சில குடங்களில் கொடுத்தவர் பெயருக்கு முன் ஊரின் முதலெழுத்தும் நிற்கும்.

சில கிளைகளில் தடம் அறுபடுவதும் உண்டு: ஜப்பானிய ஆட்சியில் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பலருக்கு இறப்புப் பதிவே இல்லை.

1948-இல் மலாயா அவசரகாலத்தின்போது தொடங்கிய அடையாள அட்டைப் பதிவும், பிறப்புச் சான்றிதழ்களும் பிற்காலத் தலைமுறைகளுக்கு உதவுகின்றன. கோலாலம்பூரின் தேசிய ஆவணக் காப்பகம், எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம், லண்டனின் பிரிட்டிஷ் நூலகம் ஆகியவற்றில் குடிபெயர்வு தொடர்பான கோப்புகள் உள்ளன.

அண்மைக் காலத்தில் மரபணுச் சோதனையும் இணையவழிக் குடும்ப மரங்களும் பயன்பாட்டுக்கு வந்துள்ளன. தோட்டக் குடும்பங்கள் பல தானா ராத்தாவுக்கும் சமவெளி நகரங்களுக்கும் பெயர்ந்துவிட்டன; அவர்களின் பிள்ளைகள் படித்த போ, சுங்கை பாலாஸ், புளூ வேலி தோட்டத் தமிழ்ப் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகளும் இவ்வகை ஆய்வுக்கு உரியவை.