டூட்டி பார்த்துக்கிட்டே பிஎச்டி: கல்கத்தாவின் ஒரு அரசு டாக்டர் கதை

அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கும் டாக்டர் பகுதி நேரமா பிஎச்டி பண்ணப் போறேன்னு சொன்னா, முதல்ல வரும் கேள்வி "எதுக்கு?". ஓபி முடியவே மதியம் ஆயிடுது, நைட் டூட்டி வேற. இதுல ஆராய்ச்சி பண்ணி என்ன கிழிக்கப் போறீங்க?

விதி அனுமதிக்குதான்னு கேட்டா, அனுமதிக்குது. யுஜிசியின் 2022 விதிமுறைப்படி, வேலை பார்க்கும் இடத்தில் தடையில்லாச் சான்று வாங்கிட்டு பகுதி நேரமா பிஎச்டி செய்யலாம். "எதுக்கு?" என்பதற்குப் பதில் வேணும்னா 120 வருசம் பின்னாடி போகணும்.

உபேந்திரநாத் பிரம்மச்சாரி. 1894ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் வேதியியல் எம்ஏ. அதுக்கப்புறம்தான் மருத்துவம். 1899ல் மாகாண மருத்துவப் பணியில் சேர்ந்தார். அந்தக் காலத்துல ஐஎம்எஸ்னு ஒரு மேல்தட்டுப் பணி இருந்துச்சு. பெரும்பாலும் வெள்ளைக்கார அதிகாரிகள். பெரிய பதவிகள் எல்லாம் அங்கே. மாகாணப் பணின்னா அதுக்குக் கீழே. இவர் டாக்கா மருத்துவப் பள்ளியில் பாடம் எடுத்துக்கிட்டு, நோயாளிகளையும் பார்த்துக்கிட்டு இருந்தவர். அந்த வேலைக்கு நடுவுலதான் 1902ல் எம்டி, 1904ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பிஎச்டி. தலைப்பு: ரத்தச் சிவப்பணுக்கள் எப்படிச் சிதையுது.

அப்போ வங்காளத்தையும் அசாமையும் காலா அசார் உலுக்கிக்கிட்டு இருந்தது. தமிழில் கருங்காய்ச்சல். மணல் ஈ கடிச்சு வரும். விடாத காய்ச்சல், வயிறு முழுக்க அடைக்கிற அளவுக்கு மண்ணீரல் வீக்கம், ரத்தசோகை. சிகிச்சை இல்லைன்னா கிட்டத்தட்ட எல்லாருமே இறந்துடுவாங்க. இதுக்குக் காரணமான கிருமியை 1903ல் கண்டவர்களில் ஒருத்தர் நம்ம சென்னை ஜிஹெச்சில் வேலை பார்த்த சார்லஸ் டொனோவன். கிருமியின் பெயரே லீஷ்மேனியா டொனோவனி. (சென்னைவாசிகள் பெருமைப்பட்டுக்கலாம்!)

கிருமி தெரிஞ்சாச்சு. மருந்து? 1915 வாக்கில் டார்டார் எமெடிக் என்ற ஆன்டிமனி உப்பை ஊசியாப் போட ஆரம்பிச்சாங்க. வேலை செஞ்சது. ஆனா மாசக்கணக்கில் போடணும். வாந்தி, நச்சுத்தன்மை எல்லாம் கூடவே வரும். பாதிப் பேர் ஊசியை நிறுத்திட்டு ஓடினா அவங்களைக் குறை சொல்ல முடியாது.

இங்கதான் அந்தப் பழைய வேதியியல் எம்ஏ கைகொடுத்தது. தனிம அட்டவணையில் ஆர்சனிக்கும் ஆன்டிமனியும் ஒரே குடும்பம். ஆர்சனிக்கை கரிமச் சேர்மத்தோட இணைச்சு எர்லிக் சிபிலிஸுக்கு மருந்து கண்டுபிடிச்சிருந்தார். அதையே ஆன்டிமனியில் செஞ்சா என்ன?

1905ல் இருந்து அவர் கல்கத்தா கேம்பெல் மருத்துவமனையில் மருத்துவர், ஆசிரியர். அங்க ஆராய்ச்சிக்குக் கிடைச்சது ஒரு சின்ன அறை. கேஸ் இணைப்பு இல்ல, தண்ணீர்க் குழாய் இல்ல, கரண்ட் இல்ல. வார்டு வேலை முடிச்சுட்டு ராத்திரி மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் சோதனை. இன்றைய ஐசிஎம்ஆரின் முன்னோடியான இந்திய ஆராய்ச்சி நிதிக் கழகம் நிதி கொடுத்தது. 1920ல் யூரியா ஸ்டிபமைன் கிடைச்சது. மாசக்கணக்கு சிகிச்சை வாரக்கணக்கா சுருங்கியது. அசாமில் இதைப் பெருமளவில் பயன்படுத்தினாங்க.

சிவப்பணு பற்றிய பிஎச்டிக்கும் ஆன்டிமனி மருந்துக்கும் நேரடித் தொடர்பு இல்லைதான். ஆனா வார்டில் கேள்வி எழும்போது, அதை "பெரிய இன்ஸ்டிடியூட் பார்த்துக்கும்"னு விடாம, தானே சோதிச்சுப் பார்க்கிற பழக்கம் அந்த வருசங்களில்தான் ஊறியிருக்கணும்னு நான் நினைக்கிறேன். நோயாளி தினமும் கண் முன்னால இருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு: காய்ச்சல் குணமான சிலருக்குப் பிறகு தோலில் திட்டுகளும் முடிச்சுகளும் வருவதை 1922ல் விவரிச்சு எழுதியவரும் இவர்தான். அந்தத் தோலில் கிருமி தங்கி, மணல் ஈ வழியா மத்தவங்களுக்குப் பரவலாம். அதனால அந்த அவதானிப்பு இன்னைக்கும் ஒழிப்புத் திட்டத்துக்கு முக்கியம்.

1929ல் நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டார், கிடைக்கல. 1934ல் சர் பட்டம். 1946ல் இறந்தார்.

பிற்காலத்தில் பீகாரில் ஆன்டிமனிக்கு கிருமி பழகிப்போச்சு. இப்போ அங்க லிப்போசோமல் ஆம்போடெரிசின் பி, ஒரே டோஸ்.